அண்ணனின் காரில் நான் ஊற்றிய எண்ணெய்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அண்ணன் பிறந்த ஊரும் மாதமும் இருக்கின்றன. மறைந்த நாளுக்கு விட்ட இடம் காலியாக இருக்கிறது. அது அச்சகத்தாரின் தவறு அல்ல. சயாமில் ரயில் பாதை போட்டுவிட்டுத் திரும்பியவர்களுக்கு அந்த நாள் நினைவில்லை; மழைக்காலம் என்பது மட்டும் தெரிகிறது. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று கோயில் பண்டாரம் சொன்னார். ஆகவே, செய்தி வந்து ஓராண்டு நிறையும் இந்த அமாவாசையை எடுத்துக்கொண்டோம்.

அண்ணன் சயாமுக்குப் போன காரணத்தை உறவினர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். தோட்ட அலுவலகத்தில் ஆள் பட்டியல் எழுதிய கிராணியார் காட்டிக் கொடுத்துவிட்டார் என்பது ஒன்று. அந்தப் பழைய கார் நேரம் பார்த்துக் கைவிட்டது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கார் தானாகக் கெடவில்லை. அதைக் கெடுத்தது அண்ணனின் தங்கையாகிய நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றவற்றை வரிசையாக எழுத முடியும்.

அண்ணன் பாலிங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். காட்டு மரம் சாய்க்கும் வேலையில் அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு இரண்டு. அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு பீடோங்குக்கு உள்ளே இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்து பால் வெட்டினார். அண்ணன் முதலில் பால் வாளி தூக்கினார். பிறகு ரப்பர் ஷீட் உருட்டும் ஆலையில் எஞ்சினைத் துடைக்கும் வேலைக்குப் போனார். அந்த எஞ்சின் நிற்கும்போதெல்லாம் ஏன் நின்றது என்று கேட்டுக் கேட்டே அந்த ஆலையின் ஃபிட்டர் ஆனார். பள்ளிக்கூடம் அவருக்கு மூன்று வருடம்தான். எனக்கு மட்டும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்க அனுமதி இல்லை.

போருக்கு முன், தோட்டத்துத் துரை புதுக் கார் வாங்கினார். அவருடைய பழைய கார் ஆலைக்குப் பின்னால் ஆறு மாதம் மழையில் நின்றது. பச்சை நிறம், முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் திறந்து உட்காரும்படி இன்னொரு இருக்கை, கிழிந்த கித்தான் கூரை. எஞ்சின் துருவேறி இறுகியிருந்தது. துரை அதை எடுத்துக்கொள்ளச் சொன்னதும் அண்ணன் நாலு பேரைக் கூட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த வாரம்தான் அவர் பெண் பார்க்கப் போவதாக இருந்தது.

"பொண்ணு பார்க்கப் போறவன் வண்டியப் பார்த்துட்டு வந்திருக்கான்," என்றார் அம்மா. "இதுக்குத் தாலி எங்க கட்டறதுடா, முன்னாடியா பின்னாடியா?"

"ரேடியேட்டர்ல கட்டுங்கம்மா. அதுதான் கழுத்து மாதிரி இருக்கு."

பெண் பார்க்க அவர் அதன் பிறகும் போகவில்லை. பதினோரு மாதம் அந்த எஞ்சினைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தார். பீடோங்கில் பட்டறை வைத்திருக்கும் ஆ செங் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து உதவினார். கார் ஓடத் தொடங்கிய பிறகும் வேலை குறையவில்லை. நூறு மைல் ஓடினால் ஒரு நாள் படுத்துக்கொள்ளும். துரை விட்டுப்போன மோட்டார் பத்திரிகைகளில் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். வெள்ளைக்காரர்கள் பந்தயக் கார்களுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று அப்படித்தான் இருவரும் தெரிந்துகொண்டோம். "உன் ஆஸ்பத்திரி எண்ணெய்ல பந்தயம் ஜெயிக்கிறான் பாரு," என்று சிரித்தார்.

நான் அப்போது மருந்து கலக்கும் படிப்பில் இருந்தேன். தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன்தான் பதில் சொன்னார். தேர்வுக்கு அந்தக் காரிலேயே என்னை அலோர் ஸ்டார் அழைத்துப் போனார். வழியெல்லாம் மழை. கூரை ஒழுகியதால் ஒரு கையால் என் தலைக்கு மேல் குடை பிடித்தபடி ஓட்டினார். "புத்தகத்த நனைய விடாதே. நான் நனைஞ்சுக்கறேன்," என்றார். அன்று கேட்ட கேள்விகளில் ஒன்று, எந்த எண்ணெய் எதில் கரையும் என்பது. விளக்கெண்ணெய் சாராயத்தில் கரையும், மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய்களில் சரியாகக் கலக்காது என்று எழுதினேன். சரியான விடை. அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது; தேறியதும் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே மருந்து கலக்கும் வேலையில் சேர்ந்தேன்.

ஜப்பான்காரர்கள் வந்த பிறகு ஓடும் கார்களையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் காரை மட்டும் விட்டுவைத்தார்கள். காரணம், அதை வேறு யாராலும் ஓட்ட முடியவில்லை. இரண்டு ஓட்டுநர்கள் முயன்று பார்த்தார்கள். எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடி திருப்பி அடித்து ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. ஆகவே காரோடு அண்ணனையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். தோட்டங்களில் ஆள் சேர்க்கும் ஜப்பானிய அதிகாரியும் அவருக்கு மொழி பெயர்த்த எங்கள் கிராணியாரும் அந்தக் காரில்தான் தோட்டம் தோட்டமாகப் போனார்கள்.

முதல் சயாம் பட்டியல் எழுதிய காலையில் கிராணியார் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"வயசு, உடம்பு எல்லாம் பார்த்தா உன் பேருதான் மொதல்ல வரணும் தம்பி. அதிகாரிகிட்டச் சொல்லிட்டேன், இவன் போயிட்டா கார் கெட்டு ரோசாக் ஆயிரும்னு. கார் ஓடுற வரைக்கும் உன் பேர் இல்ல. நின்னா உண்டு. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல லா."

அன்றிலிருந்து அந்தக் காரைப் பராமரிப்பது ஒரு மனிதனின் விருப்பமாக இல்லாமல் போயிற்று. அண்ணன் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பெட்ரோல் இல்லை; ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெய், நாற்றம் தாங்காது, எஞ்சினுக்கு அதைக் கொண்டுபோகும் குழாயை வாரம் இருமுறை சுத்தம் செய்ய வேண்டும். டயருக்குள் ட்யூப் இல்லை. லாலாங் புல்லைத் திணித்துக் கம்பியால் தைக்க வேண்டும், இருபது மைலுக்கு ஒருமுறை புதுப் புல். பிரேக்குக்கு ஆலையின் பழைய பெல்ட் துண்டு. ரேடியேட்டர் ஓட்டைக்கு மரவள்ளி மாவு. எஞ்சினுக்குள் ஊற்றும் எண்ணெய் மட்டும் அசல் எண்ணெய். ஆ செங் எங்கிருந்தோ பதுக்கி வைத்து டின் டின்னாகக் கொடுத்தார். அதற்கு மாற்று எதுவும் அண்ணன் எழுதச் சொல்லவில்லை.

அதே புத்தகத்தின் பின்பக்கத்தில், ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டியவை என்று பதினொரு வரிகள் உண்டு. காலையில் அண்ணன் குளிப்பதற்குள் நான் அவற்றைப் பார்த்துக் குறி போடுவேன். நான்காவது வரி, அண்ணன் சொன்னபடி என் கையெழுத்தில்: எண்ணெய் அளவு, குறைந்தால் என்னிடம் சொல்லவும்.

அண்ணனின் குணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கையில் எந்த வண்டியும் சத்தம் குறைந்துவிடும். இந்தக் காரும் அப்படித்தான் ஆனது. புகைக் குழாயில் இருந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்து, தையல் மெஷின் போல ஓட வைத்திருந்தார். ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்தில் ஓர் அம்மாள் காரின் குறுக்கே வந்து நின்றார். அவருடைய இரண்டு மகன்களையும் அப்போதுதான் லாரியில் ஏற்றியிருந்தார்கள். அதிகாரியும் கிராணியாரும் அலுவலகத்துக்குள் இருந்தார்கள். அன்று அந்தத் தோட்டத்துக்கு மருந்து கொடுக்க நானும் பின் இருக்கையில் வந்திருந்தேன்.

"நல்லா வச்சிருக்க தம்பி வண்டிய," என்றார் அந்த அம்மாள். "பூனை மாதிரி வருது. லாரி வந்தா காது கேக்கும், எம் பிள்ளைங்க மரவள்ளிக்குள்ள ஓடிருவானுங்க. உன் வண்டி வந்தது அடுப்படியில இருந்த எனக்கே கேக்கல. கை சுத்தம் உனக்கு. நல்லா இரு."

அண்ணன் அன்று மாலை ஆலைக்குப் பின்னால் காரை நிறுத்தி, புகைக் குழாயின் அடியில் உளியை வைத்து நான்கு இடத்தில் அடித்தார். மறுநாள் முதல் அந்தக் கார் வரும் சத்தம் அரை மைலுக்குக் கேட்டது. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு திட்டினார். மாற்றுக் குழாய் கிடைக்கவில்லை என்று அண்ணன் ஒவ்வொரு வாரமும் சொன்னார். அந்தச் சத்தம் கேட்டு மரவள்ளிக் காட்டுக்குள் ஓடித் தப்பியவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்களில் சிலர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கலாம். தப்பாதவர்களின் வீட்டாரும் வைத்திருக்கலாம். அவர்களையும் அந்தக் கார்தான் தேடி வந்தது. அதை மறைத்து எழுத அண்ணன் விரும்பமாட்டார்.

இனி எண்ணெய் பற்றி.

ஜப்பான் காலத்தின் இரண்டாம் ஆண்டு சரஸ்வதி பூஜைக்கு மூன்று நாள் முன்பு அண்ணனுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. நடுங்கிக்கொண்டே ஓட்டினார். பூஜைக்கு முந்தின நாள் வேலையிலிருந்து வந்ததும் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் ஆயுதங்களுக்கு ஓய்வு நாள். அன்று மண்வெட்டியைக்கூடத் தொடமாட்டோம், காரும் நகரக்கூடாது. கிராணியார் இதை அதிகாரியிடம் எப்படியோ சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். காரைக் கழுவிச் சந்தனம் வைக்கும் வேலை எனக்கு. பூஜைக்கு முந்தின மாலையே கழுவி முடித்ததும் பழக்கத்தால் பதினொரு வரிகளையும் பார்த்தேன். அளவுக் குச்சியில் எண்ணெய் குறைவாக இருந்தது. ஆ செங்கின் டின் இன்னும் வரவில்லை. பூஜை முடிந்த மறுநாள் காலையிலேயே பாலிங் போக வேண்டியிருந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்போது மருந்து என்று சொல்ல எதுவும் இல்லை. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா, ஜப்பான்காரர்கள் வந்த முதல் வாரமே போய்விட்டது. விளக்கெண்ணெய் டின்னை மட்டும் யாரும் தொடவில்லை. அதிலிருந்து ஒன்றரைப் போத்தல் எடுத்து வந்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. நோயாளிகளின் பொருளை எஞ்சினுக்கு ஊற்றச் சம்மதிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். மற்றபடி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, அதன் கெட்டித் தன்மையைப் பழைய எண்ணெயோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது. பந்தயக் காருக்கு ஊற்றுகிறார்கள் என்று படித்தவளும் நான்தான். ஊற்றி, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, புத்தகத்தில் நான்காவது வரிக்கு எதிரே சரி என்று குறி போட்டேன். அலோர் ஸ்டாரில் நான் எழுதிய விடை அப்போது என் நினைவுக்கு வரவேயில்லை. மருந்து அலமாரி ஓரிடத்திலும் கார் ஓரிடத்திலும் இருந்தன. என் தலைக்குள்ளும் அப்படியே இருந்தன.

பூஜை அன்று அதிகாரியே வேடிக்கை பார்க்க வந்தார். காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதைப் பார்த்துவிட்டுத் தன் வாளையும் கழற்றி அதன் முன் வைத்தார். அம்மா அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். அந்த நாள் முழுவதும் கார் அசையாமல் நின்றது. எஞ்சின் ஆறியது. உள்ளே இரண்டு எண்ணெயும் பிரிந்து திரிந்து கூழாகி, எண்ணெய் ஏறும் வழியில் இருந்த வடிகட்டியை அடைத்துக்கொண்டன.

மறுநாள், காய்ச்சல் விடாமலே அண்ணன் ஓட்டிப் போனபோது, பாலிங் சாலையில் ஒரு மேட்டில் பேரிங் உருகி எஞ்சின் நின்றது. அதிகாரி மழையில் இரண்டு மணி நேரம் நிற்க நேர்ந்தது. அந்த இரண்டு மணி நேரமும் அண்ணனைச் சாலையில் முழங்காலில் இருக்க வைத்தார். காரை மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். அண்ணன் அதன் பின்னால் நடந்து வந்தார். காது ஒன்று வீங்கியிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. நேரே ஆலைக்குப் போய்க் காருக்கு அடியில் படுத்து, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தொட்டிக்குள் சாம்பல் நிறத்தில் கூழ் போல இருந்தது. அண்ணன் அதை விரலால் தொட்டு முகர்ந்தார். அடியிலிருந்து வெளியே வந்து, அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்னன்னு சொல்லு."

"விளக்கெண்ணெய்."

"எவ்வளவு?"

"ஒன்றரைப் போத்தல்."

"எப்ப?"

"பூஜைக்கு மொத நாள். உங்களுக்குக் காய்ச்சல்…"

அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கிராணியார் வந்து விசாரித்தபோது, "பழைய வண்டிங்க, பேரிங் போச்சு," என்று மட்டும் சொன்னார். வேண்டுமென்றே கெடுத்ததாகத் தெரிந்தால் எனக்கு என்ன நடந்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும். அவர் என்னைக் காப்பாற்றினார். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

"ஆறாவது நாள் லாரி வருது," என்றார் கிராணியார். "அதுக்குள்ள ஓட்டிக் காட்டிரு. இல்லாட்டி நான் எழுதித்தான் ஆகணும்."

புதுப் பேரிங் எங்கும் இல்லை. வெள்ளை உலோகத்தை உருக்கி வார்க்க வேண்டும். அதற்கு ஈயம் போதவில்லை. அம்மா தன் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை எடுத்துக் கொடுத்தார். அம்மாவின் கல்யாணச் சீரில் மிஞ்சியிருந்த பாத்திரம் அது ஒன்றுதான். ஆ செங் வந்து தொட்டியில் மிச்சமிருந்த கூழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது வயித்துக்கு உள்ள எண்ணெய் லா," என்றார். "எஞ்சினுக்குப் பேதி குடுத்திட்டிங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சொம்பை உருக்கி, பழைய உலோகத்தோடு சேர்த்து வார்த்துக் கொடுத்தார். அண்ணன் மூன்று நாள் உட்கார்ந்து அதைச் சுரண்டிச் சுரண்டிப் பொருத்தினார். சுரண்டும் கத்தி ஆ செங்குடையது. கருவிகளை வரிசையாக எடுத்து வைத்து நான் பக்கத்திலேயே இருந்தேன். எனக்கும் அண்ணனுக்கும் இடையே ஒரு கை தூரம்தான். அம்மா சோறு கொண்டுவந்த நேரத்தில் அண்ணன் அம்மாவிடம் சொன்னார்: "அவகிட்ட அந்த அரை இஞ்சு ஸ்பேனர வாங்கிக் குடுங்கம்மா."

"ஏண்டா, அவ உன் மடியிலதான உக்காந்திருக்கா. நீயே கேளேன்."

"நீங்க வாங்கிக் குடுங்கம்மா."

நான் ஸ்பேனரை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை அண்ணனிடம் கொடுத்தார். என்ன சண்டை என்று அம்மா என்னைப் பிறகு கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஐந்தாவது நாள் பகலில் கார் ஓடியது. முன்னைவிட நன்றாக ஓடியது. அண்ணன் அதைத் தோட்டத்தைச் சுற்றி இரண்டு முறை ஓட்டி, அலுவலக வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் ஓடிப்போய் நின்றேன். கிராணியார் வெளியே வந்து எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஓடுது," என்றார்.

"ஓடுதுங்க."

"நல்லாத்தான் செஞ்சிருக்க தம்பி. ஆனா தஞ்சோங் டாவாயில மீன் வியாபாரி ஒருத்தன் கார ஒளிச்சு வச்சிருந்திருக்கான். முந்தாநாள் அகப்பட்டுச்சு. இதவிட எட்டு வருசம் புதுசு. சத்தமே இல்ல. அதிகாரி அதுலதான் இப்பப் போறாரு." கையிலிருந்த தாளை விரித்துக் காட்டினார். அடியில் சிவப்பு முத்திரை இருந்தது. "சாப்பு குத்தியாச்சு. இனிமே உன் பேர அடிக்க முடியாது."

"ஆறு நாள் சொன்னீங்களே," என்றேன் நான்.

"கார் வேணுங்கற வரைக்கும் ஆறு நாள் தங்கச்சி. வேண்டாம்னா நான் என்ன செய்ய?"

அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். நிறுத்தும் முன் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டார், சூடான எஞ்சினுக்கு எப்போதும் செய்வது போல.

மறுநாள் வந்த லாரியில் இடம் போதவில்லை. மிச்ச மூட்டைகளையும் கிராணியாரையும் சுங்கை பட்டாணி ஸ்டேஷனுக்கு எங்கள் காரில் கொண்டுவரச் சொன்னார்கள். திருப்பி ஓட்டிவர ஆள் வேண்டும் என்பதால் என்னை முன் இருக்கையில் உட்காரச் சொன்னார்கள். தோட்டத்துக்குள் ஓட்ட அண்ணன் எனக்கு முன்பே கற்றுக்கொடுத்திருந்தார். அண்ணன் தன்னைத்தானே ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழியில் இரண்டு இடங்களில் எங்கள் சத்தம் கேட்டு ஆட்கள் தோட்டத்துக்குள் ஓடுவதைப் பார்த்தோம். அண்ணன் வேகத்தைக் குறைத்து, அவர்கள் மறையும் வரை ஊர்ந்து ஓட்டினார்.

ஸ்டேஷன் வாசலில் மூட்டைகளை இறக்கியதும், கைப்பிடியை எடுத்து என் மடியில் வைத்தார். ஆறு நாளில் முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"மேட்டுல ரெண்டாவது கியர். ஏறதுக்கு முன்னாடி எண்ணெய் பார்த்துக்க."

அவ்வளவுதான். வரிசையில் போய் நின்றுகொண்டார். நான் குச்சியை எடுத்து எண்ணெய் பார்த்தேன், அவர் பார்க்கும்படி. அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

சயாமில் அண்ணனோடு ஒரே கொட்டகையில் இருந்த சன்னாசி அண்ணன் திரும்பி வந்துதான் மற்றதைச் சொன்னார். முதலில் கல் உடைக்க விட்டார்களாம். பிறகு முகாம் லாரி ஒன்று நின்றுபோக, அண்ணன் அதைச் சரி செய்தாராம். அதற்காக அரை வயிறு அதிகம் சோறு கிடைத்ததாம். அதைத் தனியாகச் சாப்பிடாமல் பங்கு வைத்தாராம். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து ஒன்பது நாள் கிடந்தார். அங்கே மருந்து கிடையாது. கடைசி நாட்களில் தெளிவாகப் பேசினார் என்றும், ஊருக்குச் சொல்ல வேண்டியவற்றை விரல் விட்டு எண்ணிச் சொன்னார் என்றும் சன்னாசி அண்ணன் சொன்னார். அம்மாவுக்கு: ஈயச் சொம்புக்கு மன்னிச்சிருங்க. ஆ செங்குக்கு: உன் சுரண்டும் கத்தி கார் இருக்கைக்கு அடியில் இருக்கு, எடுத்துக்கோ. காருக்கு: சும்மா நிறுத்தி வைக்காதீங்க, வாரம் ஒரு தரம் ஓட்டுங்க.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான்மா சொன்னாரு."

"மறந்திருப்பீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

சன்னாசி அண்ணன் தரையைப் பார்த்தார். "மூணு வெரல்தான் மடக்குனாரு தங்கச்சி. நானும் கேட்டேன், தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லையான்னு. கேக்காத மாதிரி படுத்துக்கிட்டாரு."

அண்ணன் சொன்னபடி காரை ஓட்டி வருகிறேன். புல் டயர்கள் போய் நல்ல டயர்கள் வந்துவிட்டன. புகைக் குழாயின் ஓட்டைகளை அடைக்கவில்லை. விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று சில உறவினர்கள் அன்போடு சொல்கிறார்கள். எஞ்சினுக்குள் அம்மாவின் சொம்பு இருப்பதால் இப்போதைக்கு அந்த எண்ணம் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: ஒரு பைசாவும் ஒரு கேள்வியும் இல்லாமல் உதவிய ஆ செங், பிழைத்து வந்ததும் தன் வீட்டுக்குப் போகும் முன் எங்கள் வீட்டுக்கு வந்த சன்னாசி அண்ணன், லாரி போன பிறகு பத்து நாள் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டிய பக்கத்து லயத்து வீட்டுப் பெண்கள், குறைந்த தாளில் இந்த மலரை அச்சிட்டுத் தந்த அச்சகத்தார், காரின் குறுக்கே நின்று பேசிய, பெயர் தெரியாத அந்த அம்மாள்.

போன மாதம், அச்சுக்குக் கொடுக்கும் முன், இந்தக் கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எண்ணெய் ஊற்றியதை அம்மா அப்போதுதான் முதலில் கேட்டார். முடிந்ததும், "எல்லாத்தையும் எழுதிட்டியா?" என்றார். எழுதிவிட்டேன் என்றேன். "அப்ப அச்சடிச்சிரு," என்று எழுந்து போனார்.

அமாவாசை அன்று காலை எட்டு மணிக்குத் தோட்டத்துக் கோயிலிலிருந்து புறப்பட்டு, தஞ்சோங் டாவாய் ஆற்று முகத்தில் பிண்டம் கரைக்கிறோம். உறவினர்களுக்கு லாரி ஏற்பாடு செய்திருக்கிறது. பூஜைப் பொருள்களை அண்ணனின் காரில் நான் கொண்டு வருகிறேன். போன மாதம் வரை அம்மா அதில் என் பக்கத்து இருக்கையில்தான் வருவார். இப்போது ஏறுவதில்லை. லாரியில் வருகிறவர்கள் தயவு செய்து அம்மாவுக்கு முன் வரிசையில் ஓர் இடம் விட்டு, மேடுகளில் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.